மாயாவிக்கு ஒரு பிளக் பாயின்ட்

இரும்புக்கை மாயாவியின் பரம எதிரி யார் என்று கேட்டால், பழைய முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஆளுக்கொரு வில்லன் பெயரைச் சொல்வார்கள். காட்டாங்குளத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கும், ஐம்பதைத் தாண்டிய வாசகர் ஒருவர் சொல்லும் பதில் வேறு: ஈ.எல்.சி.பி.

காரணம் இருக்கிறது. மாயாவி மறைய வேண்டுமென்றால் உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். கிட்டத்தில் இருக்கும் பிளக் பாயின்டிலோ, அறுந்து தொங்கும் ஒயரிலோ இரும்பு விரலை வைப்பார். பொறி பறக்கும். அடுத்த கட்டத்தில் ஆள் இருக்க மாட்டார். கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த காலத்தில் இதெல்லாம் சரிப்பட்டது. இப்போது கட்டும் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஈ.எல்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் டிரிப் ஆகிவிடும். மாயாவி விரலை வைப்பார், ஃபேன் நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், சமையலறையிலிருந்து "யாருங்க அது ஸ்விட்ச் போர்டுல?" என்று குரல் வரும். ஆள் மறைந்தாரா இல்லையா என்று பார்க்கக்கூட வீட்டில் வெளிச்சம் இருக்காது.

நாலு தெரு தாண்டி ரயில் நிலையத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று செங்கல்பட்டு வரை தலைக்கு மேலே போகும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அதைத் தொட்டால் மாயாவி மறைவது உறுதி. எத்தனை நாளைக்கு என்பதுதான் சந்தேகம்.

இந்த வாசகர் சமீப காலமாகத் தன் பால்யத்து காமிக்ஸ் நாயகர்களை மறுபதிப்புகளில் தேடிப்பிடித்துத் திரும்பப் படித்து வருகிறார். தாம்பரத்துக்கு வேலைக்குப் போகும்போது ரயிலில் படிக்கிறார். பொத்தேரியில் ஏறும் கல்லூரிப் பிள்ளைகள் எட்டிப்பார்த்தால், அட்டையை மடியோடு சேர்த்துக் கவிழ்த்துக்கொள்கிறார். பத்து வயதில் வாய்பிளந்து படித்த கதைகளை இப்போது படித்தால் இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை சிரிப்பு வருகிறது. அந்த 'இரண்டு பக்கம்' என்ற கணக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

மாயாவியின் பூர்வீகம் லண்டன். 1962 அக்டோபர் 6-ஆம் தேதி வெளிவந்த 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழிலேயே அவர் ஆஜர். எழுதத் தொடங்கியவர் கென் பல்மர்; பின்னால் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளர் ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். பேராசிரியர் பாரிஞ்சரின் கருவி வெடித்து மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோகிறார். இப்படி ஒரு வரம் கிடைத்த மனிதர் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினாரா? இல்லை. திருடக் கிளம்பினார். திருந்தி, 'நிழல் படை' என்ற ரகசிய உளவு அமைப்பில் சேர்ந்தது அப்புறம்தான். அங்கே அவர் விரல்களுக்குள் துப்பாக்கி, விஷவாயு, ரேடியோ என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். இத்தனையும் செய்த விஞ்ஞானிகளுக்கு, அந்தக் கையை மறைய வைப்பது எப்படி என்று மட்டும் கடைசிவரை தோன்றவில்லை.

1972-இல் சிவகாசியிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, முதல் இதழின் தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆசிரியப் பொறுப்பில் முல்லை தங்கராசன். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் செய்த ஊர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு லண்டன்காரரையும் செய்து கொடுத்தது. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்ற தலைப்புகளை இன்றும் சிலர் பேரன் பேத்தி பெயர் சொல்வது போலச் சொல்வார்கள்.

நம் வாசகரின் மனைவி வங்கியில் கேஷ் கவுண்டரில் இருப்பவர். கணக்கு உதைத்தால் விட மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, சட்டை பேன்ட் ஷூ எல்லாம் மறையுதே, கை மட்டும் ஏன் மறையல?"

"அது இரும்பும்மா."

"அப்ப பெல்ட் பக்கிள் என்ன பிளாஸ்டிக்கா?"

அறுபது வருடமாக எத்தனையோ லட்சம் பேர் படித்த கதையில் இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு காசாளர் வர வேண்டியிருந்தது. அவர் அதோடு விடவில்லை. கை தெரிகிறதே, அதைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளலாமே என்றார் கணவர். பாக்கெட்தான் மறைந்துவிட்டதே, உள்ளே விட்டாலும் தெரியும் என்றார் மனைவி. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டால்? முதுகும் இல்லை. ஆக, மாயாவி ஒருபோதும் முழுதாக மறைந்ததே கிடையாது. எதிரிகள் கொஞ்சம் நிதானமாக யோசித்து, மிதக்கும் கைக்கு ஒரு முழம் பின்னால் சுட்டிருந்தால் தொடர் 1962-லேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்து வில்லன்களுக்கு நிதானம் ஏது? கையைப் பார்த்ததும் துப்பாக்கியைக் கீழே போட்டு அலறுவதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

இப்போது அந்த இரண்டு பக்கக் கணக்கு. இங்கிலாந்தில் இவை வாராந்தரத் தொடர்கள். வாரம் இரண்டு மூன்று பக்கம்தான் இடம். அந்த இடத்துக்குள் போன வார ஆபத்திலிருந்து நாயகன் தப்ப வேண்டும், கொஞ்சம் கதை நகர வேண்டும், கடைசிக் கட்டத்தில் மறுபடி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பையன் அடுத்த வாரம் வேறு இதழ் வாங்கிவிடுவான். ஏழு நாள் இடைவெளியில் படிக்கும்போது இதெல்லாம் தெரியாது. தமிழில் எல்லா வாரங்களையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டியபோதுதான் வேடிக்கை தொடங்கியது. இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை மாயாவி சாகப் போகிறார். இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை எங்கிருந்தோ ஒரு மின்கம்பி வந்து நிற்கிறது. தாம்பரம் போவதற்குள் அவர் ஏழெட்டு முறை செத்துப் பிழைத்துவிடுகிறார். நம் வாசகருக்கு, தன் வாழ்க்கை அப்படியொன்றும் மோசமில்லை என்று வண்டலூரிலேயே தோன்றிவிடுகிறது.

கிறுக்குத்தனத்தில் மாயாவிக்கு அண்ணன் ஒருவன் உண்டு. ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; குழப்பிக்கொண்டால் லயன் காமிக்ஸ் வாசகர்கள் வீடு தேடி வந்து விளக்குவார்கள். 1965-இல் பிரிட்டிஷ் 'லயன்' இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய தொடர். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கியதும் 'எத்தனுக்கு எத்தன்' என்று தமிழுக்கு வந்தது. கூரான காது, நெற்றியில் ஆப்பு போல இறங்கும் கறுப்பு முடி, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. பறப்பதற்கு ஹெலிகார், சுடுவதற்கு வலைத் துப்பாக்கி. லட்சியம் ஒன்றே ஒன்று: குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவது.

லட்சியத்தை அடைய அவன் போட்ட திட்டம் அசாத்தியமானது. பூட்டு உடைப்பதில் கில்லாடியான ஆர்டினியைச் சிறையிலிருந்து தூக்குகிறான். பெல்ஹாம் என்ற விஞ்ஞானியை வளைத்துப் போடுகிறான். தங்குவதற்கு ஸ்காட்லாந்தில் இருந்த ஒரு கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்து, நியூயார்க்குக்குக் கப்பலில் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறான். யாருக்கும் தெரியாமல்! ஜி.எஸ்.டி. சாலையில் வீட்டு வாசலில் ஒரு லோடு எம்-சாண்ட் இறக்கினாலே அரை மணி நேரத்தில் நாலு பேர் வந்து "என்ன சார், மாடி எடுக்கறீங்களா?" என்று கேட்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, ஹெலிகாரைக்கூட நம்பலாம், இந்தக் கோட்டையை நம்ப முடியாது என்று தோன்றும்.

கொஞ்ச காலம் கழித்து அவன் திருந்துகிறான். ஞானோதயம், அம்மாவின் கண்ணீர், சிறுவனின் மழலை என்று நம் சினிமாவில் வரும் காரணம் எதுவும் இல்லை. போலீஸை ஏமாற்றுவது சுலபமாகிப் போரடித்துவிட்டது. திருடர்களைப் பிடிப்பதில்தான் சவால் இருக்கிறது என்று கட்சி மாறிவிட்டான். 'நீதிக்காவலன் ஸ்பைடர்' என்று தமிழில் பட்டமும் கிடைத்தது. அன்றிலிருந்து நம் வாசகரும் அவனை 'அவர்' என்றுதான் குறிப்பிடுகிறார். தலைக்கனம் மட்டும் ஓர் அவுன்ஸ் குறையவில்லை. உலகம் அழியும் கட்டத்திலும் ஸ்பைடர் முதலில் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகப் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

இந்தத் தற்பெருமை வசனங்களில் பெரும்பகுதியை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938-இல் அந்த இருவரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். பின்னால் உரிமை கேட்டு வழக்குப் போட்டதில், அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் அவருக்கு வேலை நின்றுபோனது. அப்போது பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதிய தொடர்தான் ஸ்பைடர். அதாவது, எண்பதுகளில் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய சிவகாசி காமிக்ஸில், சூப்பர்மேனின் தகப்பனார் கைச்சரக்கு இருந்தது. வாங்கிய பையன்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் விலையில் பத்துப் பைசா குறையுமா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

சீகலை ஒதுக்கிய அமெரிக்கா மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 1954-இல் அங்கே காமிக்ஸுக்குத் தணிக்கை விதிகள் வந்தன. ரத்தம் கூடாது, பேய் கூடாது, பயங்கரம் கூடாது. வேறு வழியில்லாத கதாசிரியர்கள் கண்டதையும் எழுதினார்கள். 1957-இல் பேட்மேன் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு நிறத்தில் உடை போட்டுக்கொண்டு திரிந்தார். ஒருநாள் பிங்க், ஒருநாள் பச்சை, கடைசியில் வானவில். சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சன் 1961-இல் ராட்சத ஆமையாக மாறினான். 1966-இல் ஒரு கொரில்லாவோடு அவனுக்குக் கல்யாணக் கோலத்தில் அட்டைப்படமே வந்தது. அட்டையில் கொரில்லா இருந்தால் இதழ் கூடுதலாக விற்கிறது என்பது அந்தக் காலத்து ஆசிரியர்களின் அனுபவ ஞானம். மாயாவிக்கும் 'கொரில்லா சாம்ராஜ்யம்' என்று ஒரு சாகசம் தமிழில் உண்டு. குரங்குக்கு எங்கேயும் மார்க்கெட் இருந்திருக்கிறது.

முகமூடி வேதாளர் வேறு ரகம். லீ ஃபாக் 1936-இல் உருவாக்கியவர். 1964-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தார். பங்கல்லா என்ற அவர் நாட்டுப் பெயர் வங்காளம் போல ஒலிக்கிறதே என்று இங்கே 'டெங்காலி' ஆக்கினார்கள். அவர் ஆளுகையில் ஏடன் என்றொரு தீவு. அங்கே சிங்கமும் புலியும் மானோடு கொஞ்சிக் குலாவும். பசித்தால்? மீன் சாப்பிடும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற நம் பழமொழி லீ ஃபாக்கின் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மனிதர் அதை மீறாமல் தப்பித்துவிட்டார். ஆப்பிரிக்கக் காட்டுக்குப் பக்கத்தில் புலி எங்கிருந்து வந்தது என்பது தனி வழக்கு. கதை முதலில் ஆசியாவில் நடந்து, போகிற போக்கில் ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. புலியை மட்டும் சொந்த ஊரில் இறக்கிவிட யாருக்கும் நினைவு வரவில்லை போலும்.

இந்தக் கூட்டத்தில் காசாளரம்மாவின் அங்கீகாரம் பெற்ற ஒரே ஆள் ஆர்ச்சி. 1952 பிப்ரவரியில் பிரிட்டிஷ் 'லயன்' முதல் இதழிலேயே வந்த இயந்திர மனிதன். தமிழ் வாசகர்கள் செல்லமாக வைத்த பெயர் சட்டித்தலையன். சதுரங்க யானைக்காய் வடிவத்தில் ஒரு கோட்டை, அதுதான் கால இயந்திரம். அதில் ஏறி எந்த நூற்றாண்டுக்கும் போய் அங்கிருப்பவர்களை உதைத்துவிட்டு வருவான். ஆரம்பத்தில் ஆர்ச்சிக்குப் பேச்சு கிடையாது. இயக்குபவர் கையில் ஒரு கன்ட்ரோல் பெட்டி. பட்டனைத் தட்டினால் நடப்பான், தூக்குவான், நிறுத்தினால் நிற்பான். பிற்பாடு குரல் பொருத்தினார்கள். அன்றைக்குத் திறந்த வாய்தான். தன் வீரப் பிரதாபம் தவிர வேறு பேச்சே இல்லை.

இதையெல்லாம் நம் வாசகர் முக்கால் மணி நேரம் கைகால் ஆட்டி விளக்கி முடித்தார். மனைவி அந்த ஆரம்பகால ஆர்ச்சியின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏங்க, அந்தக் கன்ட்ரோல் பெட்டி மட்டும் தனியா எங்கயாவது கிடைக்குமா?"