துரை கால்பட்ட மணல்

எங்கள் கிளப்பில் இப்போது சூடாக ஓடும் வழக்கு, பங்கருக்கு ரேக் தேவையா என்பது. கோல்ஃப் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை: மைதானத்தில் வேண்டுமென்றே பள்ளம் பறித்து மணல் கொட்டி வைத்திருப்பார்கள். அதுதான் பங்கர். பந்து அதில் விழுந்தால் உள்ளே இறங்கித்தான் அடிக்க வேண்டும். அடித்து முடித்தபின், மட்டை கிளறிய குழியையும் உங்கள் காலடித் தடத்தையும் பல் வைத்த நீளக் கம்பால் வாரிச் சமன் செய்துவிட்டு வெளியேற வேண்டும். பின்னால் வருகிறவரின் பந்து உங்கள் குழியில் போய் உட்கார்ந்து, அவருடைய சாபம் உங்கள் தலையில் இறங்கக் கூடாது அல்லவா? அந்தக் கம்புதான் ரேக். அது இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள் கமிட்டிக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுபதுகளில் இந்தச் சிக்கல் கிடையாது. நீலகிரியில் ஒரு கிளப்பில் என் அப்பா மாலி. பள்ளி விடுமுறையில் நான் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்குவேன். மெம்பர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்ட மேனேஜர்கள். வெள்ளைக்காரன் போய் வெகுகாலம் ஆகியிருந்தாலும் 'துரை' என்ற பட்டம் மட்டும் பங்களாவோடு சேர்த்துக் கைமாறியிருந்தது. மைதானம் முழுவதற்கும் ஒரே ரேக். காலையில் அப்பா ஒருமுறை எல்லாப் பங்கரையும் வாரிவிட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுவார். அதற்குப் பிறகு அன்று முழுக்க ரேக் என்பது எங்கள் கால்தான்.

அதில் ஒரு நேர்த்தி உண்டு. துரை அடித்துவிட்டு ஏறியதும் பையைக் கரையில் சாய்த்துவிட்டு வெறுங்காலோடு இறங்க வேண்டும். குதிகாலால் மணலைக் குழிக்குள் தள்ளி, பாதத்தின் பக்கவாட்டால் தேய்த்து, அப்படியே பின்வாக்கில் நடந்து சொந்தத் தடத்தையும் அழித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். ஆணி வைத்த ஷூவின் தடம் ஆழமாகப் பதியும். செருப்பில்லாத பையனின் தடம் அவ்வளவு பதியாது. கிளப் எங்களுக்குக் காலணி தராததில் இப்படியொரு தொழில்நுட்பம் இருந்தது என்று பிற்பாடுதான் விளங்கிற்று.

கிளப் பாரின் சுவரில் மரியாதை விதிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கோல்ஃப் சட்டப் புத்தகத்தின் முதல் பகுதியே அந்நாளில் மரியாதையைப் பற்றியதுதான். பங்கரை விட்டுப் போகுமுன் ஆட்டக்காரர் குழிகளையும் தடங்களையும் நிரப்பிச் சமன் செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. துரைமார் அதைப் படித்தார்கள், நாங்கள் செய்தோம். ஒழுக்கத்துக்கு எங்கள் கிளப் பேர்போனது என்று விருந்தாளிகள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் கால் விரல்களுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. மணலில் பாதி புதைந்து நிற்கும் பந்தை நாங்கள் 'ஆஃப்பாயில்' என்போம். அந்த நிலையில் அதை அடித்து வெளியேற்றுவது பெரிய பாடு. பந்துக்குப் பக்கத்தில் முதலில் போய்ச் சேருகிறவன் பையன்தானே. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்வி, ஓரடி தள்ளி நல்ல மணலில் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். துரையும் அந்த நேரம் பார்த்து மலையைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பற்ற வைப்பார். "டேய், நல்லா உக்காந்திருக்கே!" என்று அவர் வியந்தால் அன்றைக்கு நாலணா கூடுதல்.

பின்னாளில் பாங்கு வேலை கிடைத்து, பதவி உயர்ந்து, நானே மட்டை பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியுலகில் இந்த மணலுக்காக என்னென்ன நடந்திருக்கிறது என்று படித்தேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே ஓக்மான்ட் என்றொரு மைதானம். 1903-இல் ஹென்றி ஃபவுன்ஸ் என்பவர் அமைத்தது. அங்கே ரேக் இருந்தது, ஆனால் சமன் செய்வதற்கு அல்ல. அகல அகலமாகப் பல் வைத்த கனத்த ரேக்கால் மணலில் உழவு சால் போட்டு வைப்பார்கள். பந்து சாலுக்குள் இறங்கிவிட்டால் ஆட்டக்காரன் கதி அதோகதி. தவறாக அடித்தவனுக்குத் தண்டனை வேண்டாமா என்பது ஃபவுன்ஸ் குடும்பத்தின் சித்தாந்தம். ஆட்டக்காரர்கள் சண்டை பிடித்துப் பிடித்துத்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. நியூ ஜெர்சியின் பைன் வேலியில் நெடுங்காலம் ரேக்கே கிடையாது. மாவீரர் ஜாக் நிக்லஸ் தாம் நடத்தும் போட்டியில் 2006-இல் பல் இடைவெளி விட்ட ரேக்கைக் கொண்டுவந்து பார்த்தார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் குழந்தைகளைப் போல முகம் சுளித்தார்கள்.

என் மனத்தை விட்டுப் போகாதது 2010 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்தான். விஸ்கான்சினில் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானம். கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன் ஒரு அடி முன்னிலையில் நிற்கிறார். பந்து கூட்டத்துக்கு நடுவே மிதிபட்ட ஒரு மண் திட்டில் கிடக்கிறது. நாள் முழுக்க ஜனங்கள் நின்றும் நடந்தும் துவைத்த இடம். வெறும் தரை என்று நினைத்து மட்டையை மண்ணில் ஊன்றிவிட்டார். அது பங்கராம். அடிக்குமுன் பங்கர் மணலில் மட்டை ஊன்றக் கூடாது என்பது விதி. இரண்டு அடி அபராதம், பட்டத்தை முடிவுசெய்யும் பிளே-ஆஃபில் ஆடும் வாய்ப்பு போயிற்று. மிதிபட்டாலும் பங்கர் பங்கர்தான் என்று போட்டியாளர் அனைவருக்கும் முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு ரேக் அங்கே கிடந்திருந்தால் அந்த ஆள் இடத்தை அடையாளம் கண்டிருப்பார் என்பது என் கட்சி. ரேக்குக்கு நான் தரும் மிக உயர்ந்த சான்றிதழ் இது.

2019-இல் சட்டப் புத்தகத்தைத் திருத்தி எழுதினார்கள். மரியாதைக்கென்று இருந்த தனிப் பகுதி போய், ஆட்டக்காரர் நடத்தை பற்றிய ஒரு விதிக்குள் அது ஒண்டிக்கொண்டது. ரேக்கைப் பங்கருக்கு உள்ளே போடுவதா, வெளியே போடுவதா என்ற பழைய விவாதம் மட்டும் ஒடுங்கவில்லை. உள்ளே கிடந்தால் பந்து அதில் முட்டி நின்றுவிடும். வெளியே கிடந்தால் மணலுக்குப் போக வேண்டிய பந்து தப்பிக்கும், அல்லது நல்ல பந்து பள்ளத்துக்குத் திரும்பும். வெளியே போடுவதே மேல் என்பது கோல்ஃப் ஆட்சிக் குழுவின் யோசனை. எங்கள் மெம்பர்கள் ஒரு சமரசம் கண்டார்கள்: அடித்துவிட்டு எங்கே நிற்கிறார்களோ அங்கேயே போட்டுவிடுவது. பை தூக்கும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். பலரும் தள்ளுவண்டியைத் தாங்களே உருட்டுகிறார்கள்.

அப்புறம் 2020 வந்தது. கொரோனா பயத்தில், பலர் கைபடும் பொருள் என்று ரேக்குகளை அப்புறப்படுத்தினார்கள். முடிந்தவரை காலாலோ மட்டையாலோ மணலைச் சமன் செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்தேன். மாஜி கலெக்டர்களும் தொழிலதிபர்களும் விலையுயர்ந்த ஷூவோடு பங்கருக்குள் நின்று தேய்த்தார்கள். ஒரு குழியை மூட நான்கு குழி உண்டாயிற்று. பின்வாக்கில் நடக்க வேண்டும் என்ற ரகசியம் ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. மணல் இப்படிக் கெட்டுக் கிடப்பதால் பந்தைக் கையால் எடுத்து நல்ல இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பல கிளப்புகள் சலுகையும் தந்தன. எங்கள் கால் விரல்கள் திருட்டுத்தனமாகச் செய்த வேலை, முறைப்படி தீர்மானம் நிறைவேறி, அச்சில் ஏறிவிட்டது.

கிருமி போனது, ரேக்குகள் திரும்பின. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சிலருக்குத் தத்துவம் பிடித்துக்கொண்டது. பங்கர் என்பதே இடர்தானே, இடரைப் படுக்கை விரித்தது போல் வாரி வைப்பது ஆண்மையா, இயற்கை விட்டபடி ஆடட்டும், ரேக்கே வேண்டாம் என்கிறார்கள். இந்தக் கட்சியின் தலைவர் எங்களில் மூத்த ஒருவர். குனிந்தால் அவருக்கு இடுப்பு பிடிக்கும் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

சென்ற மாதம் அவரோடு ஆடினேன். ஐந்தாவது குழியில் அவர் பந்து பங்கருக்குள் போயிற்று. போய்ப் பார்த்தால், மேய வந்த எருமை ஒன்று இறங்கி ஏறியிருக்கிறது. குளம்புத் தடத்துக்குள் பந்து கச்சிதமாக அடங்கிக் கிடந்தது. ஆஃப்பாயில் கூட இல்லை, முழுசாக வெந்தது.

"இதுக்கு ஃப்ரீ டிராப் உண்டுல்ல சார்?" என்றார். அபராதம் இல்லாமல் பந்தை எடுத்து வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று அர்த்தம்.

"மிருகம் தோண்டுன வளைக்குத்தான் சார் உண்டு. இது நடந்து போன தடம்."

சட்டப் புத்தகத்தை போனில் தேடினார். நான் மலையைப் பார்த்தேன். பக்கத்தில் உதவிக்குக் கால் விரல் எதுவும் இல்லை. மூன்று அடியில் வெளியே வந்தார்.

மறுநாள் புகார்ப் புத்தகத்தில் அவர் கையெழுத்து இருந்தது. மைதானத்துக்குள் எருமைகளை விடக் கூடாது, உடனே வேலி போட வேண்டும் என்று முக்கால் பக்கம் எழுதியிருந்தார். இயற்கையைப் பற்றி ஒரு வரி இல்லை.