சர்க்கார் சம்பளத்தில் ஒரு திருடன்

2003, நியூயார்க். நள்ளிரவு நெருங்கும் நேரம். ஏடிஎம்மில் ஓர் இளைஞர் பணம் எடுக்கிறார். எடுத்தோமா போனோமா என்றில்லை. ஒரு கார்டு முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. தலையில் பெண்கள் வைக்கும் சவுரிமுடி, மூக்கில் வளையம். பன்னிரண்டு அடித்துவிட்டால் தேதி மாறிவிடும், அதே கார்டுகளில் இன்னொரு ரவுண்டு உருவலாம் என்று கணக்கு. கார் திருடர்களைத் தேடி வந்த மஃப்டி போலீஸ்காரருக்கு இவர் போனஸாகக் கிடைத்தார். பெயர் ஆல்பர்ட் கொன்சாலஸ்.

அன்றே உள்ளே தள்ளியிருந்தால் நமக்குக் கதையே இல்லை. ஆனால் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. திருட்டுக் கார்டுகள் கைமாறும் ஷேடோக்ரூ என்ற இணையச் சந்தைக்கு அவரையே உளவாளி ஆக்கி, 2004 அக்டோபரில் 28 பேரை அமுக்கினார்கள். காட்டிக்கொடுத்தவருக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் சம்பளம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாயிற்று.

பூனை மயாமிக்குப் போனது. அங்கே அதன் கூட்டாளிகள் லேப்டாப்பும் ஆன்டெனாவுமாகக் காரில் ஏறி, நெடுஞ்சாலையோரக் கடைகளின் வைஃபை எங்கே கசிகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2005 ஜூலையில் மார்ஷல்ஸ் துணிக்கடை சிக்கியது. அதன் வைஃபைக்குப் போட்டிருந்த பூட்டின் பெயர் டபிள்யூஇபி. அதை எப்படி உடைப்பது என்று 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை எழுதி ஊருக்கே சொல்லிவிட்டார்கள். கடைக்காரருக்கு மட்டும் சேதி எட்டவில்லை போலும். கடைக்குள் நுழைந்தவர்கள் அப்படியே கம்பி வழியே தலைமையகம் வரை நடந்தார்கள். அங்கே வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள், வைத்திருக்கவே கூடாத பழைய விவரங்கள் உட்பட, கட்டுக்கட்டாகக் காத்திருந்தன.

மார்ஷல்ஸின் தாய் நிறுவனம் டிஜேஎக்ஸ். மலிவு விலைக்குப் பேர்போன நிறுவனம், பாதுகாப்பிலும் அதே கொள்கையைக் கடைப்பிடித்தது. 2005 நவம்பரில் அதன் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். புதிய பூட்டு நல்லதுதான், ஆனால் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்கலாமே, ஆபத்து சொற்பம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் சரி என்பது சாரம். ஆபத்து அப்போது உள்ளே வந்து நான்கு மாதமாகியிருந்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் கொன்சாலஸ் அல்ல, இந்த மின்னஞ்சல்தான். திருடனுக்காவது ராத்திரி கண்விழிக்கும் சிரமம் இருந்தது.

2006 டிசம்பரில்தான் நிறுவனத்துக்கு விழிப்பு வந்தது. போனவை 4 கோடியே 57 லட்சம் கார்டுகள் என்றது நிறுவனம். 9 கோடியே 40 லட்சம் என்றன வழக்குப் போட்ட வங்கிகள். பல கோடி டாலர் நஷ்டம். மிச்சம் பிடித்த பட்ஜெட் எந்த மூலைக்கு?

நம்மாள் இதற்கிடையே தன் பிறந்தநாளைக் கொண்டாட 75,000 டாலர் செலவழித்தார். சர்க்கார் கொடுத்த ஒரு வருடச் சம்பளம் ஒரே ராத்திரியில் கேக்கோடு போயிற்று. நோட்டு எண்ணும் மெஷின் மக்கர் செய்ததால் 3,40,000 டாலரைக் கையால் எண்ண நேர்ந்ததே என்று அலுத்துக்கொண்டாராம். பாவம். 2008 மே மாதம் மயாமியில் மாட்டினார். அப்பா அம்மா வீட்டுக் கொல்லையில் புதைத்துவைத்த பத்து லட்சம் டாலருக்கும் மேல் தோண்டி எடுத்தார்கள். 2010-ல் 20 ஆண்டுச் சிறை.

கார்டைப் பறிகொடுத்த வாடிக்கையாளர்களையும் நிறுவனம் மறக்கவில்லை. வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் ஒரு பகுதியாக, தன் கடைகளில் அவர்களுக்காக 15 சதவீதத் தள்ளுபடி விற்பனை ஒன்றை நடத்த ஒப்புக்கொண்டது.