ஒரு செமஸ்டர் கடல் கடந்து

திருப்பூர் முதலிபாளையத்திலேயே பின்னலாடைக் கல்லூரி இருக்கும்போது, மாணவருக்கு வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் எதற்கு?

தைப்பது திருப்பூர், போட்டுப் பார்ப்பது யார்? திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரியில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையலும் துணியின் ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) கைவசப்படும். டீ-ஷர்ட்டைத் திருப்பி, கழுத்துத் தையலை இழுத்துப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப வைத்துவிடும் ஐரோப்பிய வாடிக்கையாளரை அந்த ஊர்க் கடையில்தான் பார்க்க முடியும்.

படிப்பின் நடுவே வெளிநாடு சென்று படிக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் தொடங்கி வைத்தது யார்?

டெலவேர் பல்கலைக்கழகம். 1923-ல் பிரான்சுக்குக் கப்பலேறியவர்கள் எட்டே மாணவர்கள்! ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987-ல் 3,244 பேரோடு தொடங்கியது. பயன்பெற்றோர் இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள்.

பனியன் பெட்டி மட்டும்தான் கப்பல் ஏறுமா? நம் மாணவருக்கு வழி உண்டா?

உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 ‘ட்வின்னிங்’ விதிப்படி, மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் பெறலாம், பட்டம் இங்கேதான். இரு தரப்புக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை?

பையர் ஆர்டர் கைக்கு வராமல் யாராவது நூல் வாங்குவார்களா? அங்கே எடுக்கும் கிரெடிட் இங்கே செல்லும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும்.