ஹயர் வேனில் ஒரு நாள்

கேள்வி: ஆஸ்திரியாவில் தனி வாகனம் பிடித்து ஒரே நாளில் பழைய ஊர்களையும் ஏரிகளையும் பார்க்கிறார்களே, நமக்கு அப்படி உண்டா? (வாசகர், பசறை)

பதில்: பசறையில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? விடியவே ஹயர் வேன் பிடியுங்கள். முதலில் துன்ஹிந்த அருவி, 64 மீற்றர். பிறகு பதுளை புனித மாற்கு தேவாலயம். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது அது. யானைகளால் முடியாததை 1845இல் ஹப்புத்தளையில் ஒரு மின்னல் முடித்தது! தெமோதரயில் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும். அதற்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். அடுத்து எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். ஏரிதான் வேண்டுமென்றால் மஹியங்கனை சொரபொர குளத்துக்கு இன்னொரு நாள். கொழுந்து பறித்தே ஓய்ந்த பாட்டியை முன் சீட்டில் உட்கார வையுங்கள். இந்த மலைகளை அவர்தான் முதலில் சுற்றிப் பார்க்க வேண்டும்.