டிஷ்யூ பாக்கெட்டுக்கு யார் கொடுத்தார் பட்டா?

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வாட்ஸப் வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் போட்டால் நம்ப மாட்டீர்கள் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன். சிங்கப்பூரில் சாப்பிடப் போகிறவர்கள் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்களாமே, நிஜமா என்று கேட்டிருந்தீர்கள். நிஜம்தான். வேலை பார்த்த காலமெல்லாம் புறம்போக்கையும் ஆக்கிரமிப்பையும் அளந்து தீர்த்த உங்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். சர்வே நம்பர் கிடையாது, சிட்டா கிடையாது, அடங்கலில் பெயர் கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காகிதப் பொட்டலம்தான் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம். மேல்முறையீட்டுக்கு ஆர்.டி.ஓ.வும் இல்லை.

இதற்கு இங்கே 'சோப்' என்று பெயர். குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முத்திரைக்கு மலாயில் 'சாப்' என்பார்கள், அதிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். தேக்காவில் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றால் இந்த முத்திரையின் மகிமை தெரியும். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டிய தேக்கா சென்டரில் மேல்தளம் துணிக்கடைகள்; கீழ்த்தளத்தில் மீனும் கறியும் காய்கறியும் விற்கும் சந்தை, அதன் பக்கத்திலேயே பிரியாணி, தோசை, பிராட்டா, 'தே', 'கோப்பி' விற்கும் கடைகள். சர்வர் வந்து தண்ணீர் வைப்பார் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். அவரவர் வரிசையில் நின்று, வெள்ளியை (டாலருக்கு இங்கே அதுதான் பெயர்) கொடுத்து, தட்டை ஏந்திக்கொண்டு வர வேண்டும். இந்த மாதிரி உணவங்காடி நிலையங்கள் தீவு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களைப் பதிவு செய்து, 1971க்கும் 1986க்கும் இடையில் கட்டடங்கள் கட்டி உள்ளே கொண்டுவந்து அமர்த்தியது அரசாங்கம். 2020 டிசம்பரில் யுனெஸ்கோவே இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. (டிஷ்யூ பாக்கெட்டுக்குத் தனிச் சான்றிதழ் கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்.) குளிரூட்டிய ஓட்டல்கள் வேறு உலகம். அங்கே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். முதல் குறிக்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம், அடுத்த குறிக்கு, 2024 முதல், 9 சதவீதம் ஜிஎஸ்டி. அட்டையில் 10 வெள்ளி என்று படித்தவன் கல்லாவில் 11 வெள்ளி 99 காசு கொடுப்பான். ஆகவே என்னைப் போன்ற கூட்டல் தெரிந்தவர்கள் அதிகம் போவது அங்காடிக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் எனக்குத் தெரியும்: 'அந்த ஊரில் தொட்டதற்கெல்லாம் அபராதம், அந்தப் பயத்தில் உட்காராமல் இருக்கிறார்கள்.' ஊரில் எல்லோரும் சொல்வது இதைத்தான், அதில் பாதி உண்மையும் உண்டு. ரயிலுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்கூட 500 வெள்ளி வரை தண்டம் போடலாம். சூயிங்கம் விற்பனைக்கு 1992இலேயே தடை வந்துவிட்டது. ஆனால் இத்தனைக்கும் சட்டம் எழுதிய ஊர் டிஷ்யூ பாக்கெட்டுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதைத் தள்ளிவிட்டு நீங்கள் உட்கார்ந்தால் எந்த அதிகாரியும் வர மாட்டார். சட்டமே இல்லாத இடத்தில் எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்றால், பயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேறு காரணம் தேட வேண்டும்.

'அப்படியானால் நல்ல மனசு, நாகரிகம், கட்டுப்பாடு' என்று சித்தப்பா ஆரம்பிப்பார். அவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இதே மேசையில் இன்னொரு சாட்சி இருக்கிறது: சாப்பிட்ட தட்டு. அதைக் கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வையுங்கள் என்று வருஷக்கணக்காகக் கெஞ்சினார்கள், போஸ்டர் ஒட்டினார்கள். எழுந்து போகிறவர்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். துப்புரவுக்கு ஆள் இருக்கும்போது நாம் எடுத்தால் அவர் பிழைப்பு போய்விடாதா என்று ஏழைக்கு இரங்குகிற ஒரு நியாயமும் கையில் தயாராக இருந்தது. கடைசியில் 2021 செப்டம்பரிலிருந்து சட்டத்தை அமலாக்கினார்கள். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி, அதற்கும் மசியாதவருக்கு நீதிமன்றம். ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு ஓர் அடுக்கு. இப்போது எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். அதே மனிதர்கள், அதே மேசை, அதே அரைமணி நேரம். வந்தவுடன் சட்டமில்லாமலே ஒழுங்கு, எழுந்தவுடன் 300 வெள்ளிக்குத்தான் ஒழுங்கு. நாகரிகம்தான் காரணம் என்றால் அது சோற்றோடு சேர்ந்தா தீர்ந்துபோகும்?

என் கட்சி இதுதான். டிஷ்யூ பாக்கெட்டை மதிப்பதால் எனக்கு லாபம். தட்டை எடுத்து வைப்பதால் அடுத்தவனுக்கு லாபம். இன்று நான் இன்னொருவர் பாக்கெட்டைத் தள்ளிவிட்டால், நாளைக்கு என் பாக்கெட்டை யாரோ தள்ளுவார்கள், சூடான மீ சூப்பை ஏந்திக்கொண்டு நான் தூணோடு தூணாக நிற்க வேண்டியிருக்கும். ஆக்கிரமிப்பவனும் பட்டாதாரரும் ஒரே ஆள் என்கிறபோது ஆக்கிரமிப்பு தானாக நின்றுவிடுகிறது. இந்த ரகசியம் தெரிந்திருந்தால் நீங்கள் நம் ஏரிக்கரையில் அத்தனை தடவை டேப்பைப் பிடித்துக்கொண்டு அலைந்திருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் நீங்கள் பஸ்ஸை இழுப்பீர்கள். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்ட துண்டும் இதுவும் ஒன்றுதானே, அங்கே மட்டும் ஏன் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறார்கள், நம் ஆட்கள் மட்டம் என்கிறாயா என்று. இல்லை பெரியப்பா. துண்டுக்கும் டிஷ்யூவுக்கும் நடுவே இருப்பது நேரம்தான். பஸ்ஸில் இடம் போனால் தஞ்சாவூர் வரை நின்றுகொண்டு போக வேண்டும், அடுத்த பஸ் எப்போது என்பது டிரைவருக்கே தெரியாது. இங்கே இந்த மேசை போனால் பத்து நிமிஷத்தில் பக்கத்து மேசை காலியாகும். விட்டுக்கொடுப்பதற்கு விலை குறைவு, அதனால் விட்டுக்கொடுக்கிறார்கள். தேக்காவில் இருக்கிற மேசைகளில் முக்கால்வாசியைப் பிடுங்கிவிட்டு, ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் சாப்பாடு என்று ஆக்கிப் பாருங்கள். டிஷ்யூ பாக்கெட் பறக்கிற பறப்பில் நம் துண்டெல்லாம் வெட்கப்படும். இன்னொன்று, துண்டை வெளியே நின்று போடுகிறோம், உள்ளே இருப்பவர் கண்ணில் அது மோசடி. இங்கே எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்து, ஒரே மாதிரிதான் வைக்கிறார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது, கணக்கிலேயே இருக்கிறது. வரிசையில் பத்து நிமிஷம், சாப்பிட இருபது நிமிஷம் என்று வையுங்கள். பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறவர் முப்பது நிமிஷம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், உட்காருவதோ இருபதுதான். எல்லோரும் இப்படியே செய்தால் நூறு இருக்கையில் முப்பத்து மூன்றில் எந்நேரமும் டிஷ்யூதான் உட்கார்ந்து சாப்பிடுகிறது. யாருமே வைக்காவிட்டால் அத்தனை இடமும் மிஞ்சும், வைக்க வேண்டிய தேவையே வராது. இது தெரிந்தும் யாரும் முதலில் நிறுத்த மாட்டார்கள், நானும்தான், ஏனென்றால் முதலில் நிறுத்துகிறவன் நின்றுகொண்டு சாப்பிடுவான். துணைக்கு ஆளோடு வருகிறவர் ஒருவரை உட்கார வைத்துவிட்டு வாங்கப் போகலாம், தனியாக வருகிறவருக்கு இதை விட்டால் கதியில்லை என்று பரிந்து பேசுவோரும் உண்டு. தனி ஆளாகச் சாப்பிடுகிறவன் என்ற முறையில் அந்த வாதம் எனக்குப் பிடித்தமானது. ஆனால் தட்டோடு இடம் தேடி நடக்கிற வயதானவர் முன்னால் அது நிற்காது.

சிலர் குடையை வைப்பார்கள், சிலர் ஆபீஸ் அடையாள அட்டையையே வைத்துவிட்டுப் போவார்கள். ஆனாலும் டிஷ்யூதான் ராஜா. காரணம் சாதாரணமானது. கடைகளில் கை துடைக்கக் காகிதம் தருவதில்லை, ஆகவே எல்லோர் பையிலும் ஒரு பாக்கெட் இருக்கும். இல்லாதவருக்கு விற்க, மேசை மேசையாக ஆள் வருவார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய கிழவர்கள், கண் தெரியாதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். வாங்குகிறவர்கள் உண்டு, போனைப் பார்த்தபடி தலையாட்டி அனுப்புகிறவர்கள் அதைவிட உண்டு. நமக்கெல்லாம் உட்கார இடம் பிடித்துத் தருகிற சாமானை விற்பவருக்கு, அந்த மேசையில் உட்காரச் சொல்ல ஒருவருமில்லை. ஆளுக்கு இத்தனை வசதி செய்துவைத்த ஊரில் இது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டேயிருக்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அதைச் சொன்னால் பெரியம்மா சிரிப்பார். பாக்கெட் இருப்பதால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. 'இங்கே ஆள் இருக்கா?' என்று கேட்க வேண்டாம், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். ஆறு பேர் மேசையில் ஆறு பேர் உட்கார்ந்து, ஆறு பேரும் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நம் துண்டுச் சண்டை அப்படியா? பாப்பாநாட்டில் ஆரம்பித்து, ஒரத்தநாட்டில் உச்சத்துக்குப் போய், தஞ்சாவூர் எல்லையில் 'அட, நீங்க அவரோட மச்சானா?' என்று முடிந்து, இறங்கும்போது கையில் கொய்யாப்பழம் இருக்கும். டிஷ்யூ பாக்கெட்டால் இதுவரை ஒரு சண்டைகூட வந்து நான் பார்க்கவில்லை. ஆகவே ஒரு சொந்தக்காரரும் கிடைக்கவில்லை.

சாப்பிட்ட தட்டை நான் எடுத்து வைக்கிறேன் என்று மேலே எழுதியதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது அதையே எதிர்பார்ப்பார். 300 வெள்ளி தண்டம் நம் வீட்டில் அமலில் இல்லை என்பதை நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். வடம் காய்ந்திருந்தால் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பவும்.

அன்புடன்,
செந்தில்