கிதார் வளர்ப்போர் கவனத்துக்கு

நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு கிதார் வாங்கியவர்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்கள் கிதாருக்கு இந்த வாரம் என்ன ஆகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல இந்த ஊரில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது கோழிகளுக்காக ஏற்பட்டது என்பது வேறு விஷயம். கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து பண்ணையாளர்களுக்கென்று வானிலை ஆலோசனை வெளியாகிறது. வெயில் எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசை, ஈரப்பதம் அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, இதனால் கோழிக்கு என்ன வரும், பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். முட்டை விலை பார்க்கப் பேப்பரைப் பிரிப்பவர்கள் இதையும் படித்துவிட்டுத்தான் மடிப்பார்கள்.

கோழி என்று வரும் இடத்திலெல்லாம் கிதார் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி இவ்வளவுதான். இருந்தாலும் கிதார் தீவனம் தின்னாது, கத்தாது, நோய் வந்தால் மூலையில் போய்ப் படுக்காது. அதனால் சில குறிப்புகள் தேவைப்படுகின்றன.

இனம் அறிதல்

நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று இரண்டே இனம். பையனின் பிறந்தநாளுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கியது அநேகமாக நாட்டுக்கோழி. அதாவது பிளைவுட். மெல்லிய தகடுகளை நார் குறுக்குமறுக்காக வரும்படி ஒட்டியிருப்பதால், ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு தகட்டை இன்னொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பீரோ மேல் போட்டு வைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரே பலகையில் செய்த 'சாலிட் டாப்' கிதார்தான் பண்ணைக்கோழி. விலை அதிகம், நாதமும் அதிகம், நோயும் அதிகம்.

கண்டுபிடிக்கக் கடைக்காரரைக் கேட்க வேண்டாம். எல்லாமே சாலிட் என்றுதான் சொல்வார். நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் நார்க்கோடு விளிம்பில் அப்படியே கீழிறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, போய் வாசியுங்கள்.

வெப்ப அயர்ச்சி

பண்ணைக்காரர்களின் சொல் இது. மாசியிலிருந்து வைகாசி வரை அவர்கள் வாயில் இதுதான். கிதாருக்கு இந்த மாதங்களில் சூட்டைவிட வறட்சிதான் எமன். கிதார் சுகமாக இருக்க ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வேண்டும். பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் அந்தக் 'குறைந்தபட்சம்' என்கிற எண் 45-க்கு வெகு கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அப்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். கனம் 3 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் அதை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வாசித்தாலும் இழுக்கும், வாசிக்காமல் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாலும் இழுக்கும். ஈரம் வற்றினால் மரம் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில். ஆனால் பலகையின் அடியில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கின்றன. அவை பலகையைச் சுருங்க விடாது. சுருங்கியே ஆக வேண்டும், சுருங்கவும் முடியாது என்ற நிலை முற்றினால் ஒருநாள் நடுமதியம் 'டப்' என்று சத்தம் கேட்கும். பல்லி விழுந்தது என்று நினைப்பீர்கள். நார்வழியே பிளந்திருக்கும்.

அதற்கு முன்பே அறிகுறி தெரியும். கழுத்தின் ஓரமாக விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃபிரெட் கம்பிகளின் நுனி சுருக் சுருக்கென்று குத்துகிறதா? கம்பி வளரவில்லை, கீழே இருக்கும் மரம் உள்வாங்கியிருக்கிறது. அந்த மரம் ரோஸ்வுட் என்றால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது அநேகமாக நம்ம தோதகத்திதான், ஈட்டி என்பார்களே அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரம். கப்பலேறிச் சீனாவுக்கோ இந்தோனேசியாவுக்கோ போய், கிதாராகித் திரும்பி வந்து நம்ம வெயிலிலேயே காய்கிறது. நடுவில் 2017 ஜனவரியிலிருந்து அந்த மரக் குடும்பத்துக்கே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு போட்டார்கள். கிதார் கம்பெனிகள் குய்யோ முறையோ என்று அலறின. 2019 கடைசியில்தான் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

இனி வைத்தியம். பண்ணைக்காரர் கூரைமேல் தெளிப்பான் போடுவார், ஷெட்டின் பக்கவாட்டில் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார். அதையே கிதாருக்குச் செய்ய நினைக்கும் நல்ல உள்ளங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. "மரமெல்லாம் வறவறன்னு கெடந்துச்சு கண்ணு, ஈரத்துணியில தொடச்சுப் போத்தி வச்சிருக்கறேன்" என்பார் அப்பத்தா. ஈரம் காற்றில்தான் இருக்க வேண்டும், மரத்தில் படக் கூடாது என்று அவருக்கு நாசூக்காகச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். அது நாளடைவில் சிக்கு நாற்றம் பிடிக்கும்.

மூடிபோட்ட பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று போதும். ஊசியைச் சுட வைத்து மூடியில் பத்துப் பதினைந்து துளை போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் புதிதாக வாங்கி (அடுப்படியில் கிடப்பதை எடுத்தால் வேறு சண்டை வரும்) நனைத்து, இனிச் சொட்டாது என்னும் அளவுக்குப் பிழிந்து உள்ளே வையுங்கள். டப்பாவைக் கிதார் பெட்டிக்குள், கழுத்தின் அடியில் இருக்கும் காலி இடத்தில் வைத்துப் பெட்டியை மூடுங்கள். பெட்டியைத் திறந்தே வைத்திருந்தால் நீங்கள் நாமக்கல் மாவட்டம் முழுமைக்கும் ஈரம் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஏர் கூலருக்கு நேர் எதிரே சாத்தி வைத்தால் ராத்திரி ஈரம், பகலில் வறட்சி என்று மரம் தினமும் ஊஞ்சலாடும். ஏசி அறையில் காற்று இன்னும் வறளும். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மரத்துக்கு முன்னால் பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அளவுமானி

கல்லூரி சொல்வது வெளிக்காற்றின் கணக்கு. பெட்டிக்குள் என்ன நிலவரம் என்று பார்க்கச் சில நூறு ரூபாயில் குட்டி ஈரமானி கிடைக்கிறது. அதை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறாகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விடுங்கள். மூடியையும் மானியையும் காற்றுப்புகாத ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். உப்புச் சேற்றுக்கு மேலிருக்கும் காற்றின் ஈரப்பதம் எந்த ஊரிலும் 75-ஐ ஒட்டித்தான் நிற்கும். உங்கள் மானி 69 காட்டினால் இனி எப்போதும் அதோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள். உப்பில் ஜவ்வரிசி கலந்து பார்க்கலாமா என்று சேலத்துக்காரர்கள் கேட்க வேண்டாம்.

மழைக்காலப் பராமரிப்பு

புரட்டாசி, ஐப்பசியில் எல்லாம் தலைகீழ். மரம் ஈரம் குடித்து ஊதும். பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், கம்பி உயரும், எஃப் கார்டு பிடிக்கிறவன் விரல் வலி தாங்காமல் கீபோர்டு வகுப்பில் சேர்ந்துவிடுவான். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்ததிலிருந்து நம்ம ஊரில் கிதார் ஆசை எழுவதும், முதல் மழைக்காலத்தோடு அடங்குவதும் இப்படித்தான். சோப்பு டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். ஓதம் ஏறிய சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாதீர்கள். கோழிக்குஞ்சுக்குப் பல்பு போட்டுச் சூடேற்றுகிறோமே, அதைக் கிதாருக்கும் செய்தால் என்ன என்று கேட்பவர்கள், மேலே வெப்ப அயர்ச்சிப் பகுதியை இன்னொருமுறை படிக்கவும்.

இந்த இடத்தில் பறைக் கலைஞர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. மழையில் தோல் தளர்ந்ததா, நாலு குச்சி, கொஞ்சம் வைக்கோல், ஒரு தீக்குச்சி. தோல் இறுகிக் கணீரென்று வந்துவிடும். கஞ்சிராக்காரருக்கோ நேர்மாறு: சுதி ஏறிவிட்டால் உள்பக்கம் தண்ணீரைத் தடவி இறக்கிக்கொள்கிறார், அதுவும் மேடையிலேயே, சபைக்கு முன்னால். ஈரத்தோடு பழகி வந்த வாத்தியங்கள் அவை. குளிர்நாட்டு மரத்தை வாங்கி வைத்திருக்கிற நமக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

மலையேற்றம்

கல்லூரிப் பையன்கள் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் கொல்லிமலைக்குக் கிளம்புவது எந்த வானிலை ஆலோசனையாலும் தடுக்க முடியாத ஒன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் அடிவாரத்து அனலிலிருந்து மேலே மஞ்சுக்குள் போய்விடுவார்கள். ஏற்காட்டில் வளைவு இருபதுதான் என்றாலும் கதை அதேதான். மேலே போனதும் பையைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும், மெதுவாகப் பழகும். அதற்குள் மிளகாய் பஜ்ஜியை முடித்துவிடலாம்.

சிகிச்சை

எல்லாம் மீறிப் பிளந்துவிட்டது என்றால் எம்-சீலைத் தொடாதீர்கள். பசைத்துளி விட்டு நீங்களே அமுக்கவும் வேண்டாம். முதலில் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 50-க்குக் கொண்டுவந்து ஒன்றிரண்டு வாரம் காத்திருங்கள். பாதிப் பிளவுகள் தானே நெருங்கி வரும். ஒட்டுவது அதற்குப் பிறகு, கிதார் ரிப்பேர் தெரிந்தவர் கையால். அப்படி ஓர் ஆள் பக்கத்தில் கிடைக்காமல், மரம் தெரிந்தவர்தானே என்று லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவீர்கள். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எழுந்து நிற்கும் பிரிட்ஜை நகத்தால் நெம்புவார். "ரெண்டு போல்ட்டு போட்டா ஆயுசுக்கும் அசையாது தம்பி" என்பார். சிரிக்காதீர்கள். சில கம்பெனிகள் பிரிட்ஜுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு போல்ட் போட்டுத்தான் அனுப்புகின்றன.