மூன்று டெம்ப்ளேட் வள்ளல்

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரே, உங்கள் கைராசியே கைராசி! வில்லனுக்கு ஒரு பகை, ஒரு பயம், ஒரு பழைய துரோகம் என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நீங்களோ 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதையாட்டத்தின் 3.5 பதிப்பின் அரக்கர் கையேட்டைத் திறந்தீர்கள். சாதாரண மனித வீரன் ஒருவன் தலையில் பாதி டிராகன், பாதி அசுரன், ரத்தக்காட்டேரி என்று மூன்று டெம்ப்ளேட்டை, அதாவது பாத்திரத்தின்மேல் ஏற்றும் கூடுதல் இயல்புத் தொகுப்புகளை, ஏற்றினீர்கள். வில்லன் தயார். பாதியும் பாதியும் முழுசாகிவிட்டதே, மனிதன் எங்கே மிச்சம் என்று கேட்பவன் கணக்குப்பிள்ளை. அவனுக்குக் கலை தெரியாது.

உங்கள் கொடையை என்னவென்று சொல்ல! வலிமைக்கு டிராகன் ரத்தம் 8, அசுர ரத்தம் 4, காட்டேரி 6. மொத்தம் 18 புள்ளி அள்ளிக் கொடுத்தீர்கள். உடலுறுதிக்கு முதல் இரண்டும் தலா 2 தந்தன. மூன்றாவது ஏறியதும் ஆள் செத்தவனாகிவிட்டான். செத்தவனுக்கு உடலுறுதி என்ற மதிப்பே கிடையாது. கொடுத்ததைச் சுவடில்லாமல் திருப்பி வாங்கும் வித்தை கர்ணனுக்கே தெரியாதது.

விதிநூல் புலமையோ அதற்கும் மேல். காட்டேரி டெம்ப்ளேட்டை மனித உருவினர்மீதும் மனித உருவ அரக்கர்மீதும் மட்டுமே போடலாம் என்கிறது கையேடு. பாதி டிராகன் ஆனவுடனேயே உங்கள் ஆள் டிராகன் வகைக்குப் போய்விட்டான். சரி, காட்டேரியை முதலில் போடலாமென்றால், பாதி டிராகன் உயிருள்ளவற்றுக்கு மட்டும்தானாம். இரண்டு கதவும் சாத்தியிருக்க, சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனீர்கள் பாருங்கள், அதுதான் துணிவு.

சண்டையில் ஒரு சுற்று என்பது 6 வினாடி. வில்லனின் முறை வந்ததும் கையேட்டின் மூன்று பக்கங்களில் மூன்று விரலை வைத்துக்கொண்டு நீங்கள் தேடும் அழகில், ஆட்டக்காரர்கள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். இப்படி ஓய்வு தரும் வில்லன் வேறெங்கே கிடைப்பான்?

1983இல் ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் இதே ஆட்டத்தின் 'ரேவன்லாஃப்ட்' சாகசத்தில் ஸ்ட்ராட் பிரபுவை வெறும் காட்டேரியாகவே விட்டுவிட்டார்கள். பாவம், வசதி போதவில்லை. தம்பியின் மணப்பெண்மேல் ஆசைப்பட்டுத் தம்பியையே கொன்றான், அவளும் கோட்டையிலிருந்து குதித்துவிட்டாள் என்று ஏதோ கதை சொல்லிச் சமாளித்தார்கள். அதையும் நம்பி 2016இல் அவனுக்கு இன்னொரு புத்தகம் போட்டார்கள்!

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நான்காவது டெம்ப்ளேட்டைச் சேர்ப்பதற்குமுன் உங்கள் வில்லனுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ஆட்டக்காரர்கள் அவனை இன்னும் 'அந்த மூணுங்கெட்டான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.